ஆளே வாறார்

மாங்கேணியில் பஸ் நின்றதுதான் தாமதம், சிவபாதம் எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்த மகள் தர்சினி, அப்பா காலை நீட்டி மடக்கத்தான் எழுகிறார் என்று நினைத்தாள். அவரோ சட்டைப் பையிலிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்தார், நெஞ்சுக்கு நேரே பிடித்தார், படியால் இறங்கி றோட்டோரமாக நடக்கத் தொடங்கினார்.

பஸ் நின்றதற்குக் காரணம் எருமைகள். பத்துப் பதினைந்து எருமைகள் றோட்டைக் கடந்துகொண்டிருந்தன. வேறு ஒரு வேலையும் அந்த இடத்தில் பஸ்ஸுக்குக் கிடையாது. எருமைகள் தம்பாட்டில் போயின, சிவபாதம் தன்பாட்டில் போனார்.

"ஐயா, எங்க போறீங்க?" என்று கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு கேட்டார். சிவபாதம் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாராமல், வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் நடந்தார். வேகமாகப் போனால் என்ன அவசரம் என்று கேட்பார்கள். மெதுவாகப் போனால் என்ன யோசனை என்று கேட்பார்கள். அந்த நடையின் அளவு இந்தக் கரையில் முப்பது வயது தாண்டிய எல்லாருக்கும் தெரியும். தர்சினிக்கும் தெரியும். அவளுக்கு முப்பத்தெட்டு.

நூறு அடி போனதும் ஒரு கஜு மரத்தடியில் நின்றார். திரும்பினார். புதிதாக ஒரு பஸ் வருவதுபோல் கையை நீட்டி மறித்தார்.

அந்த மரத்தடியில்தான் ஒரு காலத்தில் ஆமியின் சோதனைச் சென்றி இருந்தது. மண்மூட்டை, தார்ப் பீப்பா, குறுக்குத் தடி எல்லாம் இருந்தன. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபோய், அந்தப் பக்கம் நின்று, வெறும் பஸ் வந்ததும் ஏறவேண்டும். யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருஷம். இப்போது அங்கே பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் விளம்பரப் பலகை நிற்கிறது. அதில் ஒரு வெள்ளைக்காரி கண்ணை மூடிக்கொண்டு இளநீர் குடிக்கிறாள்.

தர்சினி வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பினாள். பஸ்ஸுக்குள் இன்னும் இரண்டு பேர் பாதி எழுந்து நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி தன் அட்டையையும் எடுத்துவிட்டாள். இப்போது அதை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தாள்.

சிவபாதம் ஏறியதும் கொண்டக்டர் கேட்டார்: "ஐயா, இன்னொரு டிக்கட் போடட்டா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. சிவபாதமும் சேர்ந்து சிரித்தார். "என்ன தம்பி செய்யிற. சண்டை முடிஞ்ச செய்தி காலுக்கு இன்னும் போய்ச் சேரல்ல."

"என்னப்பா நீங்க," என்றாள் தர்சினி, அவருக்கு செனிட்டைசர் ஊற்றியபடி. வெளியே இறங்கி ஏறினாலும் கை துடைக்கவேண்டும் என்பது அவள் சட்டம்.

"அட்டையப் பாத்திட்டு இரிப்பமெண்டு பையில கை வச்சன் புள்ள. கை அட்டையில பட, கால் தானா இறங்கிற்று." சிவபாதம் யன்னலோரம் சாய்ந்து அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். "பொணமும் பெரிய துரைமாரும்தான் இவடத்த இறங்காமப் போனது. எனக்கு ரெண்டும் வாய்க்கல்ல."

அந்த அட்டையின் கதையையும் சொல்லிவிட வேண்டும். கதிரவெளிக்கு ஊசி வந்த முதல் நாள், சிவபாதம் விடியமுன் தோணியைத் தள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடிவிட்டார். வயது எழுபத்திரண்டு. ஷெல்லுக்குத் தப்பினவர், சுனாமிக்குத் தப்பினவர், ஊசிக்குப் பயந்தார். தர்சினி முன்பள்ளி ரீச்சர். முப்பது சின்னப் பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு ஒரு கிழவரைப் பிடிப்பது பெரிய காரியமா? கரையில் காத்து நின்று, மீன் மணத்தோடு அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்பாட்டினாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "குத்தப் போறீங்களா மிஸ்?" என்று கேட்டார். குத்தி முடிந்து பஞ்சும் வைத்தாகிவிட்டது என்றார் நேர்ஸ் மிஸ். "இதுக்கா நான் கடலுக்கு ஓடினன்?" என்றார் சிவபாதம்.

அன்றிலிருந்து அவர் ஊருக்கே உபதேசம் செய்யத் தொடங்கினார். இரண்டாவது ஊசிக்கு வரிசையில் முதல் ஆள். அட்டையைக் கடையில் கொடுத்து லமினேற் செய்தார். சுனாமியில் அடையாள அட்டையைக் கடல் கொண்டுபோன பிறகு, எட்டு மாதம் கிராம சேவகரின் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சென்றியிலும் தான் தான்தான் என்று நிரூபித்தவர் அவர். ஒரு அட்டையின் அருமை அவருக்குத் தெரியும்.

"ரெண்டாவது ஊசி போட்டுப் பதினாலு நாள். பிறகுதான் கண்ணகை மாமியப் பாக்கப் போறது," என்று தர்சினி சொல்லியிருந்தாள். கண்ணகை அவருடைய ஒரே தங்கச்சி. வந்தாறுமூலையில் மகளோடு இருந்தாள். கதிரவெளிக்கும் வந்தாறுமூலைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலப் பஸ் பயணம். கொரோனா வந்தபிறகு அது இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சிவபாதம் கலண்டரில் பதினாலு நாளையும் வெட்டினார். வெட்டி முடிந்தபோது நாடு பூட்டிக் கிடந்தது. நாடு திறந்து பஸ் ஓடத் தொடங்கியதும், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், ஆளுக்கு இரண்டு மாஸ்க், ஒரு போத்தல் செனிட்டைசர், யன்னலோரச் சீற், வழியில் கடைத் தேத்தண்ணி இல்லை என்ற கட்டளைகளோடு புறப்பட்டார்கள். தங்கச்சிக்கென்று ஒரு பார்சல் கருவாடும் மடியில் இருந்தது.

"மாஸ்க் நல்ல சாமான் புள்ள," என்றார் சிவபாதம். "கருவாடு ஆருக்கும் மணக்கல்ல."

வந்தாறுமூலையில் கண்ணகை வாசல் படலையிலேயே நின்றாள். அண்ணனைக் கண்டதும் ஓடிவந்தவள், ஒரு மீற்றர் தூரத்தில் சடக்கென்று நின்றுவிட்டாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சிவபாதம் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். கண்ணகையும் இடுப்புச் செருகலிலிருந்து தன் அட்டையை எடுத்துக் காட்டினாள். இரண்டு அட்டையும் சரியாக இருந்தன. அதற்குப் பிறகுதான் அவள் அண்ணனின் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மெலிஞ்சு போனீங்களே அண்ணன்."

"உன்ட கண் பழுதாப் போச்சு. நான் ரெண்டு கிலோ கூடியிரிக்கன்."

அன்று அவர் சாப்பிட்ட சாப்பாட்டைக் கண்ணகை பிறகு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். வாவி இறால் பொரியல், ஒரா மீன் கறி, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் எருமைத் தயிரும் சீனியும். சோறு இரண்டு முறை, தயிர் மூன்று முறை. ஒவ்வொரு வாய்க்கும் இடையில் பஸ்ஸால் இறங்கின கதையைச் சொன்னார். கண்ணகை ஐந்து முறை கேட்டு ஐந்து முறையும் சிரித்தாள். கண்ணகையின் மகள் சிவானுஜா கம்பஸ் நூலகத்தில் வேலை செய்பவள், அதிகம் சிரிக்காத பேர்வழி. அவளுக்கே புரையேறியது.

"கொஞ்சம் சாயுறன்," என்று சொல்லிவிட்டு மாமரத்தடியில் சாய்வுக் கதிரையைப் போட்டுப் படுத்தார். மூன்று மணிக்குக் கண்ணகை தேத்தண்ணி கொண்டுபோனாள். கொண்டுபோன தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளைத் தொட்டாள். பிறகு, "புள்ள தர்சினி, இஞ்ச வா," என்று சாதாரணமான குரலில்தான் கூப்பிட்டாள். சிவபாதத்தின் வாயோரத்தில் கொஞ்சம் தயிர் காய்ந்திருந்தது.

அழுகையைக் கேட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயல்வீட்டுப் பெண், "ஊசி போட்டவராமே, அதாலதான்," என்றாள். கண்ணகை அழுகையை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். "ஊசி போட்டதாலதான் என்ட வாசலுக்கு வந்தார். என்ட கையால திண்டிட்டுப் போயிரிக்கார். நீ வேலியால இறங்கு." சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுதாள்.

அந்த வார்த்தை தர்சினியை எதிர்ப்பக்கத்தால் வந்து குத்தியது. நான் கூட்டி வராமல் விட்டிருந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் தேட நேரம் கிடைக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். நல்ல மனுஷன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். எப்படிச் செத்தாலும் பி.சி.ஆர். எடுக்காமல் உடலைக் கொடுக்க முடியாது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முடிவு நாளைக் காலையில் வரும்.

"பொசிட்டிவ் எண்டா?" என்று தர்சினி கேட்டாள்.

அவர் தலைக்கவசத்தைப் பார்த்தார். பொசிட்டிவ் என்றால் வீட்டுக்கு இல்லை. பெட்டியை மூடி, ஒட்டமாவடிக்கு அப்பால் நோய்க்கென்று ஒதுக்கின காட்டு மயானத்துக்கு ஆஸ்பத்திரி ஆட்களே கொண்டுபோவார்கள். அல்லது எரிப்பார்கள். இரண்டு பேர் தூரத்தில் நின்று பார்க்கலாம்.

தர்சினிக்கு அப்பா செத்ததைவிட இதுதான் நெஞ்சை அடைத்தது. சுனாமி வந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. அம்மாவையும் அப்பம்மாவையும் கடல் கொண்டுபோனது. பதினொரு நாள் அவளும் அப்பாவும் கதிரவெளியிலிருந்து வாகரை வரை கரையோரம் நடந்தார்கள். மூடிக் கிடந்த ஒவ்வொரு துணியையும் தூக்கிப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாள் அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். "ஒராளையாவது கையில தந்திரிக்கலாம்," என்றார். கடலைப் பார்த்துச் சொன்னாரா, மேலே பார்த்துச் சொன்னாரா என்று அவள் கவனிக்கவில்லை. இப்போது அந்தச் சொல்தான் காதுக்குள் நின்றது. அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அன்று ராத்திரியை அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. காலை எட்டு மணிக்கே மூன்று பெண்களும் ஆஸ்பத்திரிக் கேற்றுக்கு வெளியே வாகை மரத்தடியில் வந்து நின்றார்கள். உள்ளே ஒராள்தான் போகலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவள், கோபம் வராதவள் என்று சிவானுஜாவை அனுப்பினார்கள். கண்ணகை மரத்து வேரில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். தர்சினி, மாமி மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தாள். கிட்டப் போனபோதுதான் கேட்டது.

"மூத்தண்ணன் தொண்ணூறில விறகுக்குப் போனார், வரல்ல. சிவானுஜாட அப்பா அடுத்த வருசம் வாவிக்குப் போனார், தோணி மட்டும் வந்திச்சு. சின்னண்ணன் இடம்பெயர்ந்து ஓடக்குள்ள ஷெல் பட்டார், புதைச்ச இடத்தப் பிறகு போய்த் தேடினம், காடு மூடிற்று. அம்மாவும் மச்சாளும் கடலோட." ஐந்து விரல் முடிந்துவிட்டது. அவள் தர்சினியை அண்ணாந்து பார்த்தாள். "நம்மட வீட்டு வாசலால ஒரு பொணம் போய் எத்தின வருசம் தெரியுமா புள்ள? எங்கட அப்பா போனதுதான். எண்பத்தி நாலில. அப்ப நான் சின்னக் குமர்."

பத்தரைக்குச் சிவானுஜா வந்தாள். மாஸ்க்குக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. நூலகத்தில் இருக்கிறவள் கண்ணில் என்ன எழுதியிருக்கப் போகிறது? தர்சினியால் எதையும் வாசிக்க முடியவில்லை. கையில் ஒரு தாளும், அப்பாவின் சட்டைப்பைச் சாமான்கள் போட்ட பொலித்தீன் பையும் இருந்தன.

"நெகட்டிவ்," என்றாள்.

"அப்பிடியெண்டா?" என்று கண்ணகை கேட்டாள்.

"கொரோனா இல்லம்மா."

"மறுகா என்னத்தால செத்தார்?"

"மாரடைப்பு எண்டு எழுதியிரிக்கு. வயசும்தானே."

"அடிபட்டது, கிடிபட்டது ஒண்டுமில்லையா?"

"இல்லம்மா."

"அப்ப சும்மாவா?"

சிவானுஜா தாளை ஒருமுறை பார்த்தாள். "ஓம்மா. சும்மாதான்."

கண்ணகை மரத்து வேரிலிருந்து எழும்பினாள், பிறகு மறுபடி உட்கார்ந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று இரண்டு பேரும் குனிந்தார்கள். மாமி சிரித்துக்கொண்டிருந்தாள். "சும்மா செத்திரிக்கார் புள்ள. நம்மட வீட்டில ஒராள் சும்மா செத்திரிக்கார். சோறு திண்டு, தயிர் திண்டு, கதிரையில சாய்ஞ்சு." அந்தச் சிரிப்பு முதலில் சிவானுஜாவைப் பிடித்தது, பிறகு தர்சினியைப் பிடித்தது. நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பா செத்து ஒரு நாள் ஆகவில்லை, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

கேற்றுக் காவலாளி வந்தார். "அம்மா, இவடத்த நிண்டு இப்பிடிச் சிரிக்காதீங்க. உள்ளுக்க ஆக்கள் செத்துக் கிடக்காங்க."

"எங்கட ஆளும்தான் தம்பி," என்றாள் கண்ணகை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தர்சினி புருஷனுக்குப் போன் எடுத்தாள். துசாந்தன் கதிரவெளியில் நின்று நேற்றிலிருந்து எல்லாம் ஒழுங்கு செய்துகொண்டிருந்தான். அவள் வாய் திறக்கமுன் அவனே தொடங்கிவிட்டான்.

"பந்தல் போட்டாச்சு. பி.எச்.ஐ. இருபத்தஞ்சு பேர் எண்டார், நான் முறை போட்டு வரச் சொல்லியிரிக்கன், எல்லாரும் ஊசி போட்ட ஆக்கள். மாமாட படம் ஒண்டு பெருசாக்கக் குடுத்தன். பிரேம் போட்டு மத்தியானத்துக்குத் தருவான். மாலைக்கும் சொல்லியாச்சு. படத்த நடு அறையில வைக்கட்டா, மண்டபத்தில வைக்கட்டா?"

"படம் எதுக்கு?"

"செத்த வீட்டில படம் வைக்காம..." என்று சொன்னவன் பாதியில் நிறுத்தினான்.

தர்சினிக்கு விளங்கியது. அவன் பேரில் பிழை இல்லை. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து பதினைந்து வருஷத்தில் சாவு என்று அவன் கண்டதெல்லாம் படம் வைத்துச் செய்யும் திவசம்தான். ஒரு படம், ஒரு மாலை, ஒரு விளக்கு, முன்னால் ஒரு வாழையிலைப் படையல். அவன் சொந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். சாவு என்றால் முதலில் ஸ்ரூடியோவுக்குப் போகவேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த முறை.

"படம் வேணாங்க," என்றாள். "ஆளே வாறார்."

போனில் துசாந்தன் வாயைத் திருப்பி யாருக்கோ சொன்னது கேட்டது: "ஆளே வாறாராம்." இன்னொரு குரல் அதைத் திருப்பிச் சொன்னது. அது வளவைத் தாண்டி ஒழுங்கைக்குப் போனது. "ஆளே வாறாராம், ஆளே வாறாராம்." ஒரு பெண் ஒப்பாரியைத் தொடங்கி, இப்போது தொடங்கலாமா என்று சந்தேகப்பட்டு நிறுத்தினாள்.

துசாந்தன் திரும்பி வந்தான். அவன் குரல் மாறியிருந்தது. "அப்ப அவர எங்க வைக்கிற? தலை எந்தப் பக்கம்?"

தர்சினிக்குத் தெரியவில்லை. அவள் மாமியைப் பார்த்தாள். கண்ணகை போனைப் பறித்துக் காதில் வைத்தாள்.

"தம்பி, நான் சொல்லுறன் கேளுங்க. தெற்கால தலை. நடு வீட்டில கட்டில் போட்டு மேல வெள்ளை கட்டுங்க. குளிக்க வைக்கிறதுக்குக் கிணத்தடியில மறைப்புக் கட்டுங்க. பறைக்குச் சொன்னீங்களா? ஒராள் காணாது, ரெண்டு பேருக்குச் சொல்லுங்க. வாய்க்கரிசிக்கு நம்மட வயல் அரிசி, கடை அரிசி வேணாம்." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. முப்பத்தேழு வருஷமாகப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். ஒன்றைக்கூட விடவில்லை. கடைசியில், "எட்டாம் நாள் படையலுக்குத் தயிர் நான் கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனைத் தந்தாள்.

வான் கொண்டு வந்தவர் நௌஷாட் என்ற ஒட்டமாவடிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். நோய்க்கு முன் பாசிக்குடா ஹோட்டல்களுக்கு வெள்ளைக்காரரை ஏற்றித் திரிந்தவர். வெள்ளைக்காரர் வராமல் போன பிறகு, பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு எது கிடைத்ததோ அதை ஏற்றினார். பெட்டியை உள்ளே வைக்கும்போது தானும் ஒரு பக்கம் பிடித்தார். "தங்கச்சி, கண்ணாடிய இறக்கிவிட்டுப் போவம், காத்து வரட்டும். நானும் ரெண்டும் போட்டவன்," என்று சொல்லி, கேட்காமலே அட்டையைக் காட்டினார்.

பெட்டி நடுவில் நீளமாகக் கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் தர்சினி, மறுபக்கத்தில் மாமியும் மச்சாளும் இருந்தார்கள். கண்ணகை அழுதாள், இடையில் ஒப்பாரி சொன்னாள், ஒப்பாரிக்கு இடையில் "வெத்திலை சொன்னமா புள்ள?" என்று கேட்டாள்.

ஒட்டமாவடி தாண்டி ஒரு திருப்பம் வந்தது. நௌஷாட் அதைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தார். "இந்தப் பக்கம்தான் கொண்டுபோற," என்றார். "எங்கட மாமாவையும் இதாலதான் கொண்டு போனாங்க. நான் இந்த வாகனத்தில பின்னால போய், தூர நிண்டு பாத்திட்டு வந்தன். முகம் பாக்கக் கிடைக்கல்ல." வான் திரும்பாமல் நேரே போனது. "நீங்க நேர போறீங்க. அல்ஹம்துலில்லாஹ். அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கித் தந்திரிக்கான்."

"உங்கட மாமாட பேர் என்ன தம்பி?" என்று கண்ணகை கேட்டாள்.

"அசனார்."

கண்ணகை அடுத்த ஒப்பாரியில் அசனாரையும் சேர்த்துக்கொண்டாள். நௌஷாட் ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தர்சினி மடியில் இருந்த பொலித்தீன் பையைத் திறந்தாள். ஒரு மாஸ்க், பஸ் டிக்கட், நூறு ரூபாய்த் தாள் ஒன்று, தடுப்பூசி அட்டை. அட்டையை எடுத்துப் பார்த்தாள். சிவபாதம், வயது எழுபத்திரண்டு, முதலாவது, இரண்டாவது. லமினேற் செய்த ஓரம் விரலில் வெட்டும்போல் இருந்தது. நான் கூட்டி வராமல் விட்டிருந்தால் என்ற கேள்வி மறுபடி எட்டிப் பார்த்தது. கூட்டி வராமல் விட்டிருந்தால் மூன்றாவது முறை தயிர் கேட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அவளிடம் வரவில்லை.

தூரத்தில் பாசிக்குடா விளம்பரப் பலகை தெரிந்தது. அதில் அந்த வெள்ளைக்காரி இன்னும் இளநீரைக் குடித்து முடிக்கவில்லை. பலகைக்கு இந்தப் பக்கம் கஜு மரம் நின்றது.

"நௌஷாட் நானா, மாங்கேணியில கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றாள் தர்சினி.

நௌஷாட் கண்ணாடியில் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவரும் இந்த றோட்டில் வளர்ந்தவர்தான். கஜு மரத்துக்கு நூறு அடி முன்னால் ஓரமாக நிறுத்தினார். தர்சினி அப்பாவின் அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கினாள். சிவானுஜா இறங்கினாள். கண்ணகை இடுப்புச் செருகலில் கையை விட்டு, தன் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

"நீங்க நடங்க," என்றார் நௌஷாட். "நான் பின்னால உருட்டிட்டு வாறன். பெரியவர் இரிக்கட்டும்."

மூன்று பேரும் நடந்தார்கள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. மழை பெய்து கழுவிய றோட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் கேட்கவில்லை. பின்னால் வானின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

கஜு மரத்தடிக்கு வந்ததும் தர்சினி நின்று திரும்பினாள். வான் வெயிலுக்குள்ளால் உருண்டு வந்தது. அவள் கையை நீட்டி அதை மறித்தாள்.